பதினான்கு கம்ப்யூட்டர் உள்ள ஆபீசுக்கு எந்த பிடிஎஃப் மென்பொருள், எந்த பிரிண்டர் டிரைவர்?

மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில், புது கஸ்டம்ஸ் ஹவுசுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், கஸ்டம்ஸில் தாள் வேலை பார்த்துச் சரக்கை விடுவித்துத் தருவது. பதினான்கு கம்ப்யூட்டர், நான்கு பிரிண்டர். முதலாளிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு மாட்டுங்காவில். ஆபீசில் மராத்திக்காரர்கள்கூட அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆறு வருடமாக அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுவதும் என் பொறுப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் ஒன்பது மெஷின்களை ஒரே சமயத்தில் மாற்ற வேண்டி வந்தது. அப்போது அண்ணாச்சி கேட்டது இரண்டே கேள்வி. “தம்பி, பிடிஎஃப் சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் காசு குடுத்து வாங்கணுமா, சும்மா கிடைக்கிறது போதுமா? பிரிண்டருக்கு எதப் போடப் போற, கம்பெனி டிரைவரா, விண்டோஸ் தானா எடுத்துக்கிறதா?”

இவை இரண்டையும் தனித்தனிக் கேள்வி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு பேக்கிங் லிஸ்ட் வந்து சேரும்வரை.

அது ஓர் எக்செல் கோப்பு. ஒரு மேசையில் பிடிஎஃப் ஆக்கினால் மூன்று பக்கம் வந்தது, பக்கத்து மேசையில் நான்கு பக்கம். அந்த நான்காவது பக்கத்தில் பெட்டி எண்ணிக்கையும் மொத்த எடையும் உள்ள ஒரே ஒரு வரி, தனியாக. இரண்டு மெஷினிலும் அதே எக்செல், அதே எழுத்துரு, அதே மார்ஜின். ஒரு மதியம் முழுக்கத் தேடிய பிறகு தெரிந்தது, வித்தியாசம் டீஃபால்ட் பிரிண்டரில், அதாவது நாம் வேறொன்றைச் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் பிரிண்டரில், இருக்கிறது என்று. ஒன்றில் லேசர், மற்றதில் டாட் மேட்ரிக்ஸ். ஒரு எழுத்து எவ்வளவு அகலம் வரும், பக்கத்தை எந்த வரியில் வெட்டுவது என்பதையெல்லாம் எக்செல் தானாக முடிவு செய்வதில்லை, டீஃபால்ட் பிரிண்டரின் டிரைவர் (அந்தப் பிரிண்டரோடு பேசுவதற்குக் கம்ப்யூட்டரில் போடும் மென்பொருள்) சொல்லும் அளவை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ கொடுத்தாலும் இதே கணக்குதான். காகிதத்தையே தொடாத ஒரு வேலைக்கு மூலையில் கிடந்த டாட் மேட்ரிக்ஸ் அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: விண்டோஸ் 10-இலிருந்து ‘என் டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று ஓர் அமைப்பு உண்டு, அது ஆன் ஆகியிருந்தால் கடைசியாக எதில் அச்சடித்தோமோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். காலையில் மூன்று பக்கமாக இருந்த கோப்பு மாலையில் நான்கு பக்கமாக வருவதன் காரணம் இதுதான்.

ஆகவே நீங்கள் எந்த மென்பொருளை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் முதலில் அந்த அமைப்பை எல்லா மெஷினிலும் அணைத்துவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே பிரிண்டரை, ஒரே டிரைவரோடு டீஃபால்ட்டாக வையுங்கள். இதற்குக் காசு இல்லை, மெஷினுக்கு ஒரு நிமிடம் ஆகும், கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும்விட இதில்தான் பலன் அதிகம்.

இனி பிடிஎஃப். கையில் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ கூடவே வருகிறது. வேர்டிலும் எக்செலிலும் ‘சேவ் ஆஸ்’ வழியாக பிடிஎஃப் எடுக்கலாம். குரோமில் பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ இருக்கிறது. டேலி பிரைமில் ஆல்ட்டோடு ஈ அழுத்தினால் பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் ஆகும். எண்ணிப் பார்த்தால் ஆபீசில் உருவாகும் பிடிஎஃப்பில் முக்கால்வாசி இந்த நான்கு வழியில் முடிந்துவிடுகிறது.

ஆனால் இவை நான்கும் ஒன்றல்ல, இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிரிண்ட் கொடுத்து எடுக்கும் பிடிஎஃப்புக்கும் சேவ் செய்து எடுக்கும் பிடிஎஃப்புக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. பிரிண்ட் கொடுக்கும்போது மென்பொருள் பக்கத்தை வரைந்து டிரைவரிடம் தள்ளிவிடுகிறது, டிரைவர் தனக்கு வந்த வரைபடத்தை மட்டும் பிடிஎஃப் ஆக்குகிறது. அந்த வரி ஒரு தலைப்பா, இந்த நீல எழுத்துக்குப் பின்னால் ஓர் இணைப்பு இருக்கிறதா என்றெல்லாம் அதற்குத் தெரிய வழியே இல்லை. அதனால் இணைப்புகள் செத்துவிடும், இடதுபக்கம் வரும் தலைப்புப் பட்டியல் வராது. சேவ் ஆஸ் வழியில் வேர்டே நேராக எழுதுவதால் அவை தங்கும். தலைப்புகளைப் புக்மார்க் ஆக்கு, பாஸ்வேர்டு போடு, நீண்டகாலம் பத்திரப்படுத்தும் பிடிஎஃப்/ஏ வடிவில் கொடு என்ற தேர்வுகளும் அந்த ‘ஆப்ஷன்ஸ்’ பொத்தானுக்குள்ளேயே இருக்கின்றன. எத்தனை பேர் அந்தப் பொத்தானை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறார்கள்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அண்ணாச்சி ஒரு கோயில் கமிட்டியில் இருக்கிறார், திருவிழா நோட்டீஸ், வரவு செலவு அறிக்கை எல்லாம் இதே ஆபீசில்தான் தமிழில் தயாராகும். பிரிண்ட் வழியாகப் போன தமிழ் திரையில் அழகாகத்தான் தெரியும், ஆனால் அந்த பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிரிந்து கிடக்கும், ‘கோயில்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. யூனிகோடில் எழுத்து இருக்கும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. எந்த உருவம் எந்த எழுத்துக்கு உரியது என்ற குறிப்பு பிடிஎஃப்புக்குள் சரியாகப் போய்ச் சேராவிட்டால் இப்படித்தான் ஆகும். வேர்டிலிருந்து நேராகச் சேவ் செய்தால் இந்தத் தொல்லை நன்றாகக் குறைகிறது, முழுவதும் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் எந்த வழியிலும் தேட முடியாது, ஏனென்றால் அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், தமிழ் வெறும் முகமூடி. பழைய நோட்டீஸ்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, விண்டோஸிலேயே உள்ள நிர்மலாவில் போடுங்கள் என்று கமிட்டிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி இப்போதுதான் பாதி மாறியிருக்கிறது.

அடுத்தது இலவசமாகக் கிடைப்பவை. லிப்ரே ஆபீஸ் இருந்தால் அதன் ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்’ மைக்ரோசாஃப்டின் சேவ் ஆஸை விடவே அதிகத் தேர்வுகள் தருகிறது: படங்களின் தரத்தைக் குறைத்துக் கோப்பைச் சிறிதாக்கலாம், பாஸ்வேர்டு, பிடிஎஃப்/ஏ எல்லாம் உண்டு. பிடிஎஃப் பிரிண்டராக நிறுவப்படும் மென்பொருள்களில் நான் பார்த்தவை பிடிஎஃப்24, கியூட்பிடிஎஃப், புல்சிப் மூன்றும். தரத்தில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது, லைசென்சில்தான் வித்தியாசம். புல்சிப்பின் இலவசப் பதிப்பை ஆபீஸில் பத்துப் பேர் வரைக்கும்தான் பயன்படுத்தலாம், நம்மிடம் பதினான்கு மெஷின், ஆகவே அது விலகிவிட்டது. பிடிஎஃப்24-ஐ ஆபீசிலும் இலவசமாகவே பயன்படுத்தலாம், அதோடு பல கோப்புகளைச் சேர்ப்பது, பக்கங்களைப் பிரிப்பது, வரிசை மாற்றுவது, அளவைக் குறைப்பது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. கிளியரிங் ஆபீசில் தினமும் தேவைப்படுவது இந்தச் சேர்ப்பதும் குறைப்பதும்தான், அழகான பிடிஎஃப் உருவாக்குவது அல்ல.

இதில் இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதலாவது, மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஒருமுறை ஒரு பையன் தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து பிடிஎஃப் மென்பொருள் ஒன்றை இறக்கிப் போட்டு, அதோடு வந்த டூல்பாரையும் விளம்பரத்தையும் துடைத்து எடுப்பதற்கு எனக்கு ஒரு நாள் போனது. இரண்டாவது, இன்வாய்சையும் பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டையும் ‘ஆன்லைனில் பிடிஎஃப் சேர்க்கலாம்’ என்று வரும் இணையதளங்களில் ஏற்றாதீர்கள். அது நம் கட்சிக்காரரின் சரக்கு விலை, வாங்குபவரின் பெயர், எல்லாம் உள்ள தாள். அதை யாரோ ஒருவருடைய சர்வருக்கு அனுப்புவதற்கு நமக்கு உரிமை கிடையாது. கம்ப்யூட்டரிலேயே ஓடும் மென்பொருள் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இலவசம் என்று போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. இந்த வகை மென்பொருள்கள் பலவற்றுக்கு உள்ளே ஓடுவது கோஸ்ட்ஸ்கிரிப்ட், 1988-இலிருந்து இருக்கிற எஞ்சின். 2023-இலும் 2024-இலும் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டன. ஐந்து வருடம் முன்னால் போட்ட பிடிஎஃப் பிரிண்டர் அப்படியே கிடக்கிறது என்றால் அந்த ஓட்டையும் அப்படியே கிடக்கிறது என்று அர்த்தம். வருடத்துக்கு இரண்டு முறை புதுப்பதிப்பு போட ஆள் இல்லாத ஆபீஸ் என்றால் விண்டோஸோடு வருவதை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, அது விண்டோஸ் அப்டேட்டோடு தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

சரி, காசு கொடுத்து வாங்கும் அடோபி அக்ரோபேட். பிடிஎஃப் வடிவத்தை 1993-இல் கொண்டுவந்ததே அடோபிதான், 2008-இல் அது ஐஎஸ்ஓ தரமாகி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆன பிறகும் சில வேலைகளில் அக்ரோபேட்டுக்கு ஈடு நான் பார்க்கவில்லை. ஏற்கெனவே உள்ள பிடிஎஃப்பில் எழுத்தைத் திருத்துவது, கறுப்படித்து மறைத்தால் அடியில் உள்ள எழுத்தும் உண்மையாகவே அழிவது, இரண்டு ஒப்பந்த வரைவுகளை ஒப்பிட்டு என்ன மாறியிருக்கிறது என்று காட்டுவது. இந்த மூன்றும் தினமும் தேவைப்படுகிறவருக்குச் சந்தா கட்டுவது நியாயம். ஒருமுறை காசு கட்டி வாங்கிக்கொள்ளும் அக்ரோபேட் 2020 பதிப்புக்கு 2025-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, எனவே பழைய சிடியை நம்பி இருப்பவர்கள் இப்போதே யோசிக்க வேண்டும். பிடிஎஃப் ‘படிக்க’ மட்டும் வேண்டும் என்பவருக்கு இலவச அக்ரோபேட் ரீடர் போதும், இதை எத்தனை முறை சொன்னாலும் சந்தாவும் ரீடரும் ஒன்று என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரீடரை மட்டும் எல்லா மெஷினிலும் கட்டாயம் போடச் சொல்வேன், அதற்குக் காரணம் டிஜிட்டல் கையொப்பம். கஸ்டம்ஸின் இ-சஞ்சித் முறையில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போன்ற ஆதாரத் தாள்களை டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎஃப்பாகத்தான் ஏற்ற வேண்டும், ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐஆர்என் எண் வரும், அந்த எண்ணை ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லிலோ இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியிலோ கொடுக்க வேண்டும். கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி டோக்கனைச் செருகி ரீடரிலேயே கையொப்பம் இடலாம், காசு கொடுத்து வாங்கும் பதிப்பு இதற்குத் தேவையில்லை. வந்த கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம், இந்தியாவில் டிஜிட்டல் கையொப்பங்களுக்கெல்லாம் மூலமான சிசிஏ ரூட் சான்றிதழை அந்த ரீடர் இன்னும் நம்பவில்லை என்றுதான் பொருள், ஒருமுறை நம்பச் சொல்லிவிட்டால் பச்சை டிக் வந்துவிடும். இ-ஆதாரை ரீடரில் திறந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்விக்குறி பழக்கம்தான். குரோமில் திறந்தால் கையொப்பம் செல்லுமா என்றே தெரியாது.

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய தப்பு நடந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் கையொப்பம் இட்ட மூன்று பிடிஎஃப்களை ஒன்றாக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் திறந்து ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்து, வந்ததைச் சேர்த்து அனுப்பிவிட்டார். தாளில் கையொப்பக் கட்டம் அச்சு அசலாக இருந்தது, பெயர், தேதி, நேரம் எல்லாம். ஆனால் அது இப்போது வெறும் படம். கையொப்பம் என்பது அந்தக் கோப்பின் பைட்டுகளோடு கட்டிய முடிச்சு, மறுபடி அச்சடித்ததும் அந்த முடிச்சு போய்விடுகிறது. தாள் திரும்பி வந்தது, கண்டெய்னர் ஒரு நாள் கூடுதலாக நின்றது, அதற்கு வாடகை யார் கட்டுவது என்று மாலை வரை பேச்சு. அந்தப் பையன் மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேர்ப்பது, குறைப்பது, சுழற்றுவது எல்லாம் கையொப்பத்துக்கு முன்னால், கையொப்பம் இட்ட பிறகு கோப்பை யாரும் தொடக்கூடாது. இந்த ஒரு வரியை மராத்தியிலும் இந்தியிலும் எழுதி டோக்கன் வைக்கும் டிராயர் மேல் ஒட்டியிருக்கிறோம்.

கோப்பின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. அரசுத் தளங்கள் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு வரம்பு இருக்கும், ‘குறைக்கும் மென்பொருள் எது நல்லது’ என்று என்னைக் கேட்பார்கள். குறைக்க வேண்டிய இடம் ஸ்கேனர். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கலரில் எடுத்தால் 2480-க்கு 3508 புள்ளி, அமுக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி. அதே பக்கம் 200 டிபிஐயில் கறுப்பு வெள்ளையில் அரை எம்பிக்கும் கீழே, அமுக்கினால் சில பத்து கேபி. இன்வாய்சுக்குக் கலர் எதற்கு? ஸ்கேன் செய்ய நேப்ஸ்2 என்ற இலவச மென்பொருள் போட்டிருக்கிறோம், டிபிஐயும் கறுப்பு வெள்ளையும் ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்து வைத்தால் ஒரே பொத்தானில் வேலை முடியும். எழுத்தை அடையாளம் காணும் வசதியும் உண்டு, தமிழுக்கும் சேர்த்து.

பிரிண்டர் பக்கம் வருகிறேன். ஆபீசில் இருப்பவை: நெட்வொர்க்கில் உள்ள ஒரு பெரிய லேசர், ஸ்கேனரும் சேர்ந்தது, யுஎஸ்பியில் மட்டும் ஓடும் இரண்டு சின்ன லேசர், ரிப்பன் போட்ட ஒரு டாட் மேட்ரிக்ஸ். இவற்றை இணைக்க நான்கு வழி.

ஒரு கம்ப்யூட்டரில் செருகி மற்றவர்களுக்கு ஷேர் செய்வது எல்லோரும் முதலில் யோசிக்கும் வழி, இப்போது நான் கடைசியாகச் சொல்லும் வழி. 2021 ஜூலையில் பிரிண்ட் நைட்மேர் என்ற ஓட்டை வெளியே வந்தது, விண்டோஸின் அச்சுச் சேவை வழியாக வெளியாள் உள்ளே நுழைய முடியும் என்று. அதை அடைக்க, அந்த ஆகஸ்டிலிருந்து ஷேர் செய்த பிரிண்டருக்கு டிரைவர் இறங்க அட்மின் அனுமதி வேண்டும் என்று மாற்றினார்கள். செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு பல ஆபீஸ்களில் 11பி என்று முடியும் பிழை எண் வந்து ஷேரிங் நின்றது. இணையத்தில் இதற்கு வைத்தியமாக ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு என்பார்கள். அது அடைத்த ஓட்டையை மறுபடி திறப்பது, செய்யாதீர்கள். அதோடு ஷேர் செய்த கம்ப்யூட்டரை யாராவது அணைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் அந்த அறை முழுக்க அச்சு நிற்கும்.

இரண்டாவது, விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும் ஐபிபி கிளாஸ் டிரைவர், பல கம்பெனி பிரிண்டர்களுக்கும் பொதுவானது. பிரிண்டர் மோப்ரியா சான்று (இந்தப் பொது முறையில் அச்சடிக்கும் என்பதற்கான சான்று) பெற்றதாக இருந்தால் எந்தக் கம்பெனி டிரைவரும் வேண்டாம், நெட்வொர்க்கில் கண்டுபிடித்து ‘ஆட்’ கொடுத்தால் முடிந்தது. வருங்காலம் இந்தப் பக்கம்தான் போகிறது: கம்பெனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. புதிதாக பிரிண்டர் வாங்குபவர்கள் மோப்ரியா இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறை என்னவென்றால், இந்த டிரைவரில் ட்ரே தேர்வு, ஸ்டேப்ளிங், ரகசிய எண் கொடுத்து அச்செடுப்பது போன்றவை பல மாடல்களில் வருவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் வந்திருக்கும் பாதுகாக்கப்பட்ட அச்சு முறையை மட்டும் பார்க்காமல் ஆன் செய்துவிடாதீர்கள். அதில் கம்பெனி டிரைவர்கள் எல்லாம் விலக்கப்பட்டுவிடும், பழைய பிரிண்டர்கள் அதோடு நின்றுவிடும்.

மூன்றாவது யுனிவர்சல் டிரைவர். எச்பி போன்ற கம்பெனிகள் ஒரே டிரைவரில் தங்களுடைய பல மாடல்களை ஓட்டுகின்றன. ஐம்பது மெஷினும் பத்து வகை பிரிண்டரும் உள்ள இடத்துக்கு இது வரப்பிரசாதம். ஆனால் பக்கத்தை விவரிக்கும் பொது மொழிகளான பிசிஎல்லோ போஸ்ட்ஸ்கிரிப்ட்டோ பிரிண்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்திய ஆபீஸ்களில் வருடக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கும் சின்ன லேசர்கள் பலவற்றுக்கு அது தெரியாது. உதாரணமாக கேனன் எல்பிபி2900-க்கு கேப்ட் என்ற அதன் சொந்த மொழி மட்டும்தான் தெரியும், பக்கத்தை வடிவமைக்கும் வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும். அந்த வகைக்கு அதன் சொந்த டிரைவரைத் தவிர வேறு வழி கிடையாது.

நான்காவது, நான் தேர்ந்தெடுத்தது: ரௌட்டரில் பிரிண்டருக்கு ஒரு நிலையான ஐபி எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு மெஷினிலிருந்தும் நேராக அந்த எண்ணுக்கு, கம்பெனியின் பிசிஎல் 6 டிரைவர், எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு. நிறுவும்போது ‘ஆட் பிரிண்டர்’ தானாகத் தேடிக் காட்டுவதை எடுத்தால் டபிள்யூஎஸ்டி என்ற தானாகத் தேடும் போர்ட்டில் போய் உட்காரும், அப்புறம் ஒரு நாள் காரணமே இல்லாமல் ஆஃப்லைன் என்று காட்டும். டிசிபி/ஐபி போர்ட்டைத் தேர்ந்து எண்ணைக் கையால் அடியுங்கள். அதற்குப் பிறகும் ஆஃப்லைன் என்றால் போர்ட் அமைப்பில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ (பிரிண்டரின் நிலையைக் கேட்டறிவது) டிக்கை எடுத்துவிடுங்கள், பத்தில் எட்டு முறை அதோடு சரியாகிவிடும். பிசிஎல்லா போஸ்ட்ஸ்கிரிப்ட்டா என்று கேட்டால், டிசைன் வேலை செய்யாத ஆபீசுக்கு பிசிஎல் 6. ஏதாவது ஒரு பிடிஎஃப் மட்டும் எழுத்து சிதைந்து அச்சானால் டிரைவரை மாற்றாமல் ரீடரின் பிரிண்ட் பெட்டியில் ‘அட்வான்ஸ்டு’ போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ கொடுத்துப் பாருங்கள். ஸ்கேனருக்கு அச்சு டிரைவர் போதாது, கம்பெனியின் ஸ்கேன் டிரைவரையும் சேர்த்து நிறுவ வேண்டும். ‘பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் வரவில்லை’ என்று வரும் போன்களில் பாதிக்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

டிரைவர் போட்டதும் காகித அளவைப் பாருங்கள். பல டிரைவர்களும் பிடிஎஃப் பிரிண்டர்களும் அமெரிக்க லெட்டர் அளவோடு வருகின்றன. அது ஏ4-ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸில் மட்டும் மாற்றினால் அந்த ஒருவருக்கு மாறும். பிரிண்டர் ப்ராப்பர்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் உள்ள ‘பிரிண்டிங் டீஃபால்ட்ஸ்’ வழியாக மாற்றினால்தான் அந்த மெஷினுக்குப் புதிதாக வருகிறவருக்கும் ஏ4 கிடைக்கும்.

டாட் மேட்ரிக்ஸ் தனி உலகம். கார்பன் வைத்து நான்கு நகல் ஒரே அடியில் வேண்டும் என்பதால் லாரிக்காரர்களுக்கும் கிடங்குக்கும் போகும் சலான்கள் இன்னும் அதில்தான், லேசரால் அதைச் செய்ய முடியாது. தொடர்தாள் 12 அங்குல நீளம், டிரைவரில் ஏ4 என்று இருந்தால் அது 11.69 அங்குலம் என்று எண்ணிக்கொள்ளும், ஒவ்வொரு தாளுக்கும் 0.31 அங்குலம் மேலே ஏறும், பத்தாவது சலான் வரும்போது கட்டத்துக்கும் எழுத்துக்கும் கிட்டத்தட்ட மூன்று அங்குல இடைவெளி. ‘பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ்’ திறந்து 10-க்கு 12 என்று புது ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, டிரைவரில் அதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. இந்த வேலையை அந்த ஒரு மெஷினில் மட்டும் செய்து, டாட் மேட்ரிக்ஸை அதிலேயே யுஎஸ்பியில் விட்டுவிட்டேன். அங்கேயும் டீஃபால்ட் லேசர்தான், சலான் அடிக்கும் மென்பொருளில் மட்டும் டாட் மேட்ரிக்ஸைக் குறிப்பிட்டிருக்கிறது.

கடைசியில் போட்டது இதுதான். பதினான்கு மெஷினிலும் அக்ரோபேட் ரீடரும் பிடிஎஃப்24-உம். அக்ரோபேட் சந்தா இரண்டே இரண்டு, ஒப்பந்தம் பார்க்கும் அம்மாவுக்கும் கணக்குப் பிரிவுக்கும். அண்ணாச்சிக்கே வேண்டாம் என்றுவிட்டார், “நான் படிக்கத்தானே போறேன்” என்று. பெரிய லேசர் பதினான்கிலும் ஒரே டிரைவரோடு டீஃபால்ட். இரண்டு சின்ன லேசர்களும் ஷேர் செய்யாமல், அதிகம் அச்செடுக்கும் இரண்டு மேசைகளுக்குச் சொந்தமாக. டிரைவர்களின் நிறுவல் கோப்பு, பதிப்பு எண்ணோடு ஒரு ஃபோல்டரில் இருக்கிறது, அடுத்த மெஷின் வந்தால் இணையத்தில் தேடாமல் அதையே போட. அட்மின் பாஸ்வேர்டு என்னிடமும் அண்ணாச்சியிடமும் மட்டும். மெஷினுக்கு அரைமணி வீதம் ஒரு சனி ஞாயிறில் முடிந்தது.

மழைக்காலத்தில் ஜாம் ஆகிறது என்று போன் வந்தால் டிரைவரை அழித்துப் போடாதீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் உள்ள ஈரம் திறந்து வைத்த கட்டுக்குள் இறங்கிவிடும், தாள் சுருளும், இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும். ட்ரேயில் ஐம்பது தாள் மட்டும் வைத்து, மீதியை உறையோடு மூடிய அலமாரியில் வையுங்கள்.

எல்லாம் போட்டு முடித்து அந்தப் பழைய பேக்கிங் லிஸ்டை ஒவ்வொரு மேசையிலும் திறந்து பிடிஎஃப் ஆக்கிப் பார்த்தேன். பதின்மூன்றில் மூன்று பக்கம். ஒன்றில் நான்கு. அதில் டீஃபால்ட் சரியாகத்தான் இருந்தது, காகித அளவு மட்டும் லெட்டரிலேயே நின்றிருந்தது. மாற்றியதும் அதிலும் மூன்று பக்கம் வந்துவிட்டது.